பாம்பன் மீனுக்கு எந்த ஆபீஸ் பொறுப்பு?

ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடியும் கடலுக்குப் போய் வருகின்றன. மண்டபத்தில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரிலும் கூட்டம் கூடிவிட்டது. படகு உரிமம், டீசல் மானியம், ஆதார் திருத்தம் என்று பல வேலைக்கு வருவார்கள். ஆனால் இந்தப் பருவத்தில் அதிகம் பேர் கேட்பது உணவுப் பாதுகாப்புப் பதிவுதான். கருவாடு விற்கும் அக்காமார், மீன் கம்பெனிக்காரர்கள், தனுஷ்கோடியில் மீன் பொரித்து விற்பவர்கள், ராமேஸ்வரத்தில் தள்ளுவண்டியில் இட்லி போடுபவர்கள், கீழக்கரையிலிருந்து தொதல் என்ற இனிப்பைக் கிண்டி வெளியூருக்கு அனுப்பும் லாத்தா வரைக்கும் அந்தப் பதிவில் கிடைக்கும் 14 இலக்க எண் வேண்டும்.

அதனால் எல்லாத் துறைத் தாள்களும் என் மேசைக்கு வந்துவிடுகின்றன. மீன் கம்பெனி வைத்திருக்கும் ஒருவருடைய ஃபைலைத் திறந்தால், உணவுப் பாதுகாப்புத் துறை கொடுத்த லைசென்ஸ் இருக்கும். பேரூராட்சியோ ஊராட்சியோ கொடுத்த தொழில் உரிமம் இருக்கும். தராசுக்குத் தொழிலாளர் துறை முத்திரை போட்ட சான்று இருக்கும். ஐஸ் பிளான்ட்டும் அவருடையது என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் இருக்கும். ஆள் ஒருவர்தான், கொட்டகையும் ஒன்றுதான். ஆனால் ஒரு துறை எழுதிவைத்தது இன்னொரு துறைக்குப் போவதில்லை. தேவைப்பட்டால் அவரையே ஜெராக்ஸ் எடுத்துவரச் சொல்கிறார்கள். உணவுச் சட்டம் நன்றாக நடக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறவன் நான். அது நம் கடற்கரையில் தடுக்குகிற இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சில வருஷம் முன்னால் பாம்பன் அண்ணன் ஒருவர் சென்டருக்கு வந்தார். மீன் கம்பெனிக்காரர். முதல் நாள் ராத்திரி கேரள எல்லையில் அவருடைய வண்டியை நிறுத்தி, மீன் மேல் காகிதப் பட்டை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நிறம் மாறிவிட்டது, மீன் கெடாமல் இருக்கப் போடும் ஃபார்மலின் மருந்து இருக்கிறது என்று சொல்லிச் சரக்கை உள்ளே விடவில்லை. அவருக்குப் பணம் போன வருத்தத்தைவிட வேறொரு வருத்தம் பெரிதாக இருந்தது. "தம்பி, நான் மருந்து போடலை. என் சரக்குல யாரோ போட்டிருக்கான். அவனைக் கண்டுபிடிக்கணும். எந்த ஆபீஸ்ல போய்க் கேக்கிறது?" என்றார்.

எனக்குத் தெரிந்த நம்பருக்கெல்லாம் போன் போட்டோம். ஓர் அலுவலகத்தில், எல்லையில் நடந்தது பற்றி எங்களுக்கு எழுத்தாக எதுவும் வரவில்லை என்றார்கள். இன்னொன்றில், படகும் வலையும்தான் எங்கள் பொறுப்பு, மீனில் மருந்து இருக்கிறதா என்பது உணவுப் பாதுகாப்புக்காரர்கள் பார்க்க வேண்டியது என்றார்கள். மூன்றாவது இடத்தில் கடைக்கு உரிமம் கொடுப்பது மட்டும்தான் தங்கள் வேலை என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. சட்டப்படி ஒவ்வொருவர் சொன்னதும் சரி. ஆனால் அந்த அண்ணன் பல படகுகளிலிருந்து ஏலம் எடுத்தவர். இடையில் புரோக்கர், ஐஸ் ஒரு பிளான்ட்டிலிருந்து, வண்டி வாடகைக்கு. இதில் எந்தக் கையில் தப்பு நடந்தது என்று பார்க்க ஓர் ஆள்கூடக் கடற்கரைக்கு வரவில்லை. அடுத்த நடையிலும் அதே ஐஸ், அதே வண்டிதான் ஓடியிருக்கும்.

திருப்பி அனுப்பிய சரக்கைப் பற்றியும் யோசிக்க வேண்டும். அந்த அண்ணன் நேர்மையானவர், குழி வெட்டிப் புதைத்தார். எல்லாரும் அப்படிச் செய்வார்களா? எல்லையில் வேண்டாம் என்று திருப்பிய மீன் வழியில் இருக்கும் ஏதாவது ஒரு சந்தையில் இறங்கினால், அந்த ஊர் அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? ஒரு மாநிலம் தன் மக்களைக் காப்பாற்றிக்கொண்டது, சரி. அந்த மீன் அப்புறம் யார் வீட்டுச் சட்டிக்குப் போனது?

கேரளத்தில் 2018-ல் 'ஆபரேஷன் சாகர் ராணி' என்று பெயர் வைத்து உணவுப் பாதுகாப்புத் துறை மீன் வண்டிகளைச் சோதித்தபோதுதான் இந்த விஷயம் நம் கரையில் பெரிய பேச்சானது. கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் தயாரித்த காகிதப் பட்டையால் இரண்டொரு நிமிஷத்தில் பார்த்துவிட முடிந்தது. அது ஜூன் மாதம் என்பதையும் கவனிக்க வேண்டும். கிழக்குக் கரைக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கேரளத்தில் விசைப்படகுத் தடை ஜூனில் தொடங்கி ஜூலை 31 வரை. அதாவது நம் படகுகள் கரையில் நிற்கும்போது அங்கிருந்து மீன் இங்கே வருகிறது. அவர்கள் படகு நிற்கும்போது இங்கிருந்து அங்கே போகிறது. விலை ஏறும், தூரம் கூடும், ஐஸ் போதாது. மருந்து போட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருவனுக்கு வருவதும் இந்த மாதங்களில்தான். தேதி வருஷா வருஷம் முன்கூட்டியே தெரியும். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் மே மாதமே உட்கார்ந்து, இந்த ஊர் வண்டியில் ஏதாவது சிக்கினால் இன்னாருக்குச் சொல்வது என்று பேசி வைத்துக்கொள்ளலாமே.

அதே நேரம், பட்டை நிறம் மாறினாலே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சில மீன்களில் செத்தபிறகு ஃபார்மலினில் இருக்கும் அதே ஃபார்மால்டிஹைடு இயல்பாகவே உண்டாகும். தும்பிலி அந்த வகை. எந்த மீனில் எந்த அளவு வரை இயல்பு என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனித்தனியாகவே வரம்பு சொல்லியிருக்கிறது. பட்டை சந்தேகத்தைத்தான் காட்டும். சட்டப்படி நிற்பது ஆய்வகத்தின் அறிக்கை. மாதிரியை நான்காகப் பிரித்து முத்திரை வைத்து, ஒன்றைப் பகுப்பாய்வாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். வியாபாரிக்கு அந்த முடிவில் நம்பிக்கை இல்லை என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம், மிச்சப் பங்கு மேல் ஆய்வகத்துக்குப் போகும். வியாபாரியைக் காப்பாற்றவும் சட்டத்தில் இத்தனை இருக்கிறது. இந்த உரிமை இருப்பது நம் கரையில் பலருக்குத் தெரியவே தெரியாது. மாநில அரசின் உணவு ஆய்வகங்கள் கிண்டி, மதுரை, தஞ்சாவூர், சேலம், கோவை, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் இருக்கின்றன. பாம்பன் பாலத்தில் நின்று பார்த்தால் இதில் எதுவுமே பக்கத்தில் இல்லை.

அந்த அண்ணனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "பில் இருக்கா?" என்பது. சட்டைப் பையிலிருந்து சில துண்டுச் சீட்டுகளை எடுத்து வைத்தார். 'சீலா 2 பெட்டி, பாறை 1' என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தது. படகின் பெயர் ஒன்றில் இருந்தது, மற்றதில் இல்லை. ஐஸுக்குச் சீட்டே இல்லை. உணவு விற்பவர் கொடுக்கும் பில்லில் அந்த 14 இலக்க எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் நடைமுறை. கரையில் ஏலம் விடும் இடத்தில் அது நடக்கவில்லை. காலை நாலு மணிக்கு, ஈரக் கையோடு, நூறு பேர் சத்தம் போடும் இடத்தில் கம்ப்யூட்டர் பில் எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் ஒரு சின்ன பில் புக்கில் தேதி, படகு எண், ஏலக்காரர் பெயர், ஐஸ் எங்கே வாங்கியது என்று நான்கு கட்டம் இருந்தாலே போதும். பின்னோக்கி ஒரு படி, முன்னோக்கி ஒரு படி தெரிந்துவிடும். அந்த நான்கு கட்டத்தை எந்தத் துறை அச்சடித்துக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். ஏலக்கூடம் ஒரு துறையின் இடம், ஏலத்துக்குப் பிறகு மீன் இன்னொரு துறையின் பொருள்.

இதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவில், விவசாயிக்கும் மீனவருக்கும் அவரவர் தொழிலளவில் இந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அதை முழு மனதோடு ஏற்கிறேன். நடுக்கடலில் வலை இழுக்கிறவரிடம் போய் லைசென்ஸ் கேட்பது அநியாயம். ஆனால் அதனால் ஒரு விளைவு உண்டு. வலையிலிருந்து ஏலம் வரைக்கும் உள்ள அந்த நேரத்தில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு இடமில்லை. மீனின் தலையெழுத்தை அந்த நேரம்தான் முடிவு செய்கிறது. சூரை, அயிலை, சாளை மாதிரி மீன்களை வெயிலில் போட்டுவைத்தால் ஹிஸ்டமின் உண்டாகும். அப்புறம் எவ்வளவு ஐஸ் கொட்டினாலும் அது போகாது, குழம்பு கொதித்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தடிப்பு வந்து, தலைவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போவார். மதுரையில் அந்த மீனை மாதிரி எடுக்கும் அதிகாரி, அதை விற்ற அம்மா மேல்தான் வழக்கு எழுத முடியும். அந்த அம்மாவிடம் வந்தபோதே மீன் கெட்டிருந்தது என்பதைக் கரையில் உள்ள மீன்வளத் துறை ஊழியர்தான் சொல்ல முடியும். அவருக்கோ மதுரையில் ஒரு வழக்கு நடப்பதே தெரியாது.

ஐஸ் விஷயம் இதைவிடக் குழப்பம். மீனோடு ஒட்டி இருக்கும் ஐஸ் குடிக்கத் தகுந்த நீரில் செய்ததாக இருக்க வேண்டும். குடிக்கத் தகாத நீரில் செய்யும் ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று 2018-ல் உத்தரவு வந்தது, ஜூஸ் கடைக்கு அது போய்விடக் கூடாது என்பதற்காக. சரி, பிளான்ட்டுக்கு நீர் எங்கிருந்து வருகிறது? இந்தக் கரையில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வராத நாளில் டேங்கர் லாரி. அந்த லாரி எந்தக் கிணற்றில் நிரப்புகிறது என்று பார்ப்பது உள்ளாட்சியின் பொறுப்பு. நீரின் தரத்தைச் சோதிக்கக் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஆய்வகம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி பிளான்ட்டில் வந்து ரிப்போர்ட் கேட்கிறார். பிளான்ட்காரர் என்னிடம் வந்து எங்கே வாங்குவது என்று கேட்கிறார். வாரியத்தின் ரிப்போர்ட் நேராக உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போனால், நடுவில் என் சென்டர் எதற்கு?

ராமேஸ்வரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அந்த ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. யாத்திரை வருகிறவர் காலையில் அக்னி தீர்த்தத்தில் முங்கி, 22 தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்து, எங்கேயாவது சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் ரயில் ஏறிவிடுவார். வயிறு கெடுவது பல மணி நேரம் கழித்துத்தான். அப்போது அவர் மானாமதுரை தாண்டி இருப்பார். வடநாட்டுக்காரர் என்றால் ஆந்திராவில் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும். உணவு நஞ்சான நோயாளியைப் பார்த்தால் டாக்டர் அதிகாரிக்குத் தெரிவிக்கும்படி செய்ய 35-ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனால் அந்தத் தகவல் அந்த மாவட்டத்தோடு நின்றுபோகும். ராமேஸ்வரத்தில் ஒரே கடையில் சாப்பிட்ட ஐம்பது பேர் ஐந்து மாவட்டத்தில் படுத்தாலும், ராமேஸ்வரத்தில் இருப்பவருக்கு ஊர் சுகமாக இருப்பது போலத்தான் தெரியும். ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைக்கு ரயில்வேயின் சொந்த உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள், வாசலுக்கு வெளியே இருக்கும் கடைக்கு மாநில அதிகாரி. பயணிக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் 'ஸ்டேஷன் பக்கத்தில்' என்பார்.

அந்தக் கூட்டத்துக்கு முன்னால் தள்ளுவண்டிகளை இடம் மாற்றுவார்கள். நெரிசலில் உயிர் போகக் கூடாது என்பதற்காகச் செய்வது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வண்டிக்காரரின் உணவுப் பதிவில் பழைய இடம் இருக்கும். 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி உள்ளாட்சி கொடுத்த அடையாள அட்டையில் வேறு இடம் இருக்கும். நிற்பது மூன்றாவது இடம். ஒரு தம்பியும் அவன் பெண்சாதியும் இட்லி வண்டி வைத்திருக்கிறார்கள், கைச் சுத்தத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. முகவரி ஒத்துப்போகவில்லை என்று அவர்களுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அந்தப் பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, அவங்கதான் அங்க போங்கன்னாங்க, இவங்க ஏன் அங்க இருக்கன்னு கேக்குறாங்க" என்று அழுதது. நான் முகவரியை மாற்றிக் கொடுத்தேன். அடுத்த அமாவாசைக்கு வண்டி மறுபடி வேறு இடத்தில் நின்றது. இட மாற்றப் பட்டியலை நகராட்சி ஒரு மெயிலில் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பிள்ளை அழுதிருக்க வேண்டியதில்லை. அதிகாரியும் அந்த நேரத்தில் பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறவர்களைப் போய்ப் பார்த்திருக்கலாம். அப்படிக் காய்ச்சக் காய்ச்ச எண்ணெயில் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம். அதை அளக்கக் கருவி இருக்கிறது. கருவியைப் பிடிக்கிற கைக்குத்தான் நேரம் வேண்டும்.

கருவாட்டு அக்காமாரைப் பற்றிச் சொன்னால் தனிப் பதிவாகிவிடும், ஒன்றே ஒன்று சொல்கிறேன். மணலில் காயப்போடாமல் பரண் கட்டி, வலை விரித்து, நல்ல உப்பு போட்டுக் காயவைத்தால் கருவாடு சுத்தமாக இருக்கும், விலையும் கிடைக்கும். பரணுக்கு உதவ ஒரு துறை, மகளிர் குழுக் கடனுக்கு ஒரு துறை, காயப்போடும் இடம் இன்னொருவருடையது, சான்றிதழ் வேறொருவருடையது. பரண் வந்தால் கடன் வராது, கடன் வந்தால் இடம் இருக்காது. வாடைக்காற்றோடு மழை வந்துவிட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான்.

முன்பு இப்படி இல்லை என்று வயதானவர்கள் சொல்வார்கள். 1954-ஆம் ஆண்டு கலப்படத் தடைச் சட்டம் இருந்த காலத்தில், நகராட்சியின் சுகாதார ஆய்வாளரே உணவு ஆய்வாளராகவும் இருந்தார். சாக்கடையைப் பார்க்கிறவரும் சந்தையைப் பார்க்கிறவரும் மாதிரி எடுக்கிறவரும் ஒருவரே. 2011 ஆகஸ்ட் 5-ல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த அதிகாரம் தனித் துறைக்குப் போனது. மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர், அவருக்குக் கீழே உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள். தரம் குறைந்தது, லேபிள் தவறு மாதிரி வழக்குகள் கோர்ட்டுக்குப் போகாமல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் வருகின்றன. நான் பழையது திரும்ப வர வேண்டும் என்று கேட்கவில்லை. உணவை மட்டும் படித்த அதிகாரி இருப்பது நல்லது. பழைய முறையில் பெரிய ஹோட்டல்காரரும் கவுன்சிலரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள், ஆய்வாளர் பாவம் என்ன செய்வார். ஆனால் அதிகாரம் பிரிந்தபோது தகவலும் பிரிந்துபோனது. தண்ணீர், சாக்கடை, குப்பை, சந்தை, தொழில் உரிமம் எல்லாம் இன்றும் உள்ளாட்சியிடம்தான் இருக்கின்றன. ராமேஸ்வரம் நகராட்சி, பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சி, பாலம் தாண்டினால் மண்டபம் பேரூராட்சி. ஒரே சாலையில் வரும் ஒரு மீன் கூடை மூன்று விதமான உள்ளாட்சியைக் கடக்கிறது.

மற்ற நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். பிரிட்டனில் நிலைமை நமக்கு நேர் எதிர். அங்கே உணவுச் சட்டத்தைப் பெரும்பாலும் நடத்துவது நூற்றுக்கணக்கான உள்ளாட்சி மன்றங்கள். நாடு முழுக்க விற்கும் ஒரு கம்பெனியின் லேபிளை ஓர் ஊர் அதிகாரி சரி என்பார், பக்கத்து ஊர்க்காரர் தப்பு என்பார். அதைத் தீர்க்க 1978-ல் உள்ளாட்சிகளே கூடி 'லாகாட்ஸ்' என்ற ஒருங்கிணைப்பு அமைப்பை ஏற்படுத்தின. பின்னாளில் அது 'லாகார்ஸ்' என்று பெயர் மாறியது. அவர்கள் கொண்டுவந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கம்பெனியின் தலைமையிடம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் உள்ளாட்சிதான் அந்தக் கம்பெனிக்குப் பொறுப்பாளர். நாட்டின் எந்த மூலையில் அதன் சரக்கில் குறை கண்டாலும், கண்டவர் முதலில் அந்த ஊருக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் ஆலையில் போய்ப் பார்த்துத் திருத்தி, பதில் சொல்ல வேண்டும். முதலில் இது பேசி வைத்துக்கொண்ட ஒழுங்காகத்தான் இருந்தது. இதே வழியில் 2008-ல் தனிச் சட்டமும் வந்தது.

அங்கும் எல்லாம் சரியாக நடக்கவில்லை. 1996 நவம்பரில் ஸ்காட்லாந்தில் விஷா என்ற ஊரில் ஓர் இறைச்சிக் கடையிலிருந்து ஈ. கோலை கிருமி பரவி ஏறத்தாழ 20 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். அந்தக் கடை வேறு பல கடைகளுக்கும் இறைச்சி அனுப்பியிருந்தது. எங்கெங்கே போனது என்ற முழுப் பட்டியல் கையில் கிடைக்கத் தாமதமானது. அதைப் படித்தபோது எனக்குப் பாம்பன் அண்ணனின் சட்டைப் பைச் சீட்டுதான் ஞாபகம் வந்தது. 2000-ஆம் ஆண்டில் அந்த நாட்டில் உணவுத் தர முகமை என்று மேலே ஒன்றை வைத்து, உள்ளாட்சிகள் ஒழுங்காகச் செய்கின்றனவா என்று தணிக்கை செய்ய ஆரம்பித்தார்கள்.

பொறுப்பான ஊர் ஒன்று என்ற அந்த எண்ணத்தை நம் கரைக்குக் கொண்டுவர முடியும் என்று நம்புகிறேன். புதுச் சட்டமும் வேண்டாம். ஆட்சியர் தலைமையில் மாவட்ட அளவிலான உணவுப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அதில் மீன்வளம், உள்ளாட்சி, சுகாதாரம் எல்லாரையும் உட்காரவைக்கலாம். மீன் இறங்குதளம் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக ஓர் உணவுப் பாதுகாப்பு அலுவலரின் பதவியைக் குறிப்பிட்டு, அந்த முகவரியை மதுரை, திருச்சி, கோவை சந்தைகளைப் பார்க்கும் அலுவலர்களுக்கும் கேரள எல்லைக்கும் கொடுத்துவிட வேண்டும். எங்கே பாம்பன் சரக்கில் குறை கண்டாலும் அன்றைக்கே அவருக்கு ஒரு செய்தி. அவர் மீன்வளத் துறை ஊழியரைக் கூட்டிக்கொண்டு கரையில் வந்து படகு, ஐஸ், வண்டி மூன்றையும் பார்க்க வேண்டும். என்ன கண்டார் என்று திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு இதில் மிக முக்கியமாகத் தோன்றுவது அந்தத் திருப்பிச் சொல்வதுதான். அது இருந்தால் நேர்மையான வியாபாரியின் பெயர் காப்பாற்றப்படும், தப்பு செய்தவன் அடுத்த நடைக்கு முன்னால் பிடிபடுவான்.

ஏற்றுமதி இறாலுக்கு நாம் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். வெளிநாட்டுக்குப் போகும் பெட்டியில் மருந்து மிச்சம் கண்டால் அந்தத் தகவல் கடல் தாண்டித் திரும்பி வருகிறது, ஏற்றுமதி ஆய்வு அமைப்புகள் பதப்படுத்தும் ஆலை வரை போய்க் கேட்கின்றன. பரமக்குடியில் ஒரு தாய் பிள்ளைக்கு ஊட்டும் நகரை மீனுக்கும் அந்த அக்கறை கிடைக்க வேண்டும்.

இதையெல்லாம் ஆட்சியருக்கு மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். நான்கு கட்ட பில் புக், ஐஸ் பிளான்ட்டின் நீர் ரிப்போர்ட்டை வாரியமே உணவுப் பாதுகாப்புக்கு அனுப்புவது, அமாவாசை இட மாற்றப் பட்டியல், தடைக்காலம் முடிந்ததும் நடமாடும் ஆய்வக வண்டியைப் பாம்பனிலும் மண்டபத்திலும் வண்டி ஏற்றும் நேரத்தில் நிறுத்துவது, ராமேஸ்வரத்தில் சாப்பிட்டு வெளியூரில் படுத்தவர்களின் தகவல் மாவட்டச் சுகாதார அலுவலகங்கள் வழியாக இங்கே வருவது ஆகியவையும் அதில் இருக்கின்றன. கம்பெனிக்காரர்கள் சிலரும் கருவாட்டு அக்காமாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஐஸ் பிளான்ட் வைத்திருப்பவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், அவர்கள் இல்லாமல் இந்த மனுவில் பாதி பலம் இல்லை.

திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டத்தில் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சென்டருக்கு வாருங்கள். உங்கள் மாதிரிக்கு வந்த ஆய்வக அறிக்கை, நோட்டீஸ், எல்லையில் கொடுத்த தாள் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள், பிரதி எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தந்துவிடுகிறேன். ஆடி அமாவாசைக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். அந்த வாரம் எல்லா அலுவலகத்துக்கும் ராமேஸ்வரத்தில்தான் வேலை இருக்கும்.